பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்க மதகிலிருந்து தொடங்குங்கள்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஏழாவது, மகள் நாலாவது. மகன் குடிமையியலில் நல்ல மார்க் வாங்குகிறான். மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் வித்தியாசம் கேட்டால் ஒப்பிக்கிறான். ஆனால் வி.ஏ.ஓ.வும் பஞ்சாயத்துத் தலைவரும் ஒரே ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் மாமனார் ஒரு கட்சி, கணவர் இன்னொரு கட்சி. டி.வி.யில் செய்தி ஓடினாலே சத்தம் ஆகிவிடுவதால் அரசியல் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். தோட்டம் கீழ்பவானிப் பாசனம். பிள்ளைகளுக்கு அரசாங்கம் நடக்கிற விதத்தையும் அரசியல் வரலாற்றையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடியுமா, எங்கே தொடங்குவது, என்ன புத்தகம் வாங்குவது என்பது அவர் கேள்வி.

நான் ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பறையில் செய்ததைவிட வீட்டில் இதை நன்றாகச் செய்ய முடிகிறது என்பது என் அனுபவம்.

புத்தகக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். பள்ளிக்கூடப் புத்தகமே போதும். பையனுக்குத் தகவல் நிறைய இருக்கிறது, அது தன் வீட்டோடு எங்கே ஒட்டுகிறது என்றுதான் தெரியவில்லை. அந்த ஒட்டு வேலையைத்தான் நீங்கள் செய்ய வேண்டும். அதற்கு மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதை யார் முடிவு பண்ணினது? யாரைக் கேட்டு முடிவு பண்ணினாங்க? ஒத்துவரலேன்னா யார்கிட்டப் போறது? எதைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் கேட்கப் பிள்ளைகள் பழகிவிட்டால், அரசியல் சாசனத்தின் பாதி உள்ளே போய்விடும்.

உங்களுக்குக் கீழ்பவானிப் பாசனம். பாடம் தோட்டத்து ஓரத்திலேயே ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதோட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போங்கள். வாய்க்காலிலிருந்து உங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மதகின் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? நாலாவது படிக்கிற குழந்தைக்கு அது தெரியும். அங்கேயே கதையை ஆரம்பிக்கலாம். பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்தது. நாடு விடுதலை அடைந்த கையோடு எடுத்த பெரிய பாசன வேலைகளில் ஒன்று. அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால். மொத்தம் 2,07,000 ஏக்கர். ஆனால் அத்தனை ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் கிடையாது. அதனால் 1,03,500 ஏக்கராக இரண்டு பாதி. ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு வருடம் நஞ்சைக்குத் தண்ணீர் என்றால், இரட்டைப்படைக்குப் புஞ்சைக்குத் தண்ணீர். அடுத்த வருடம் மாற்றி. உங்கள் மாமனார் இதை மூச்சு விடாமல் சொல்வார், அவரையே சொல்ல விடுங்கள்.

இப்போது மூன்று கேள்விகளையும் இதில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் திறக்கும் தேதியை யார் முடிவு செய்கிறார்கள்? நீர்வளத் துறையின் அரசாணை. அரசாணை என்றால் என்ன, சட்டம் என்றால் என்ன, இரண்டும் ஒன்றா? சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறுகிறது. ஆணை அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு அரசாங்கம் போடுவது. யாரைக் கேட்டுப் போடுகிறார்கள்? அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று பொறியாளர்கள் சொல்வார்கள், விவசாயிகள் சங்கங்களும் பாசன சபைகளும் கேட்கும். பாசன சபை என்பதே ஒரு குட்டி அரசாங்கம். அதற்கு 2000-ல் போட்ட சட்டம் இருக்கிறது, தலைவரை நிலத்துக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள், மாதாந்திர விவசாயிகள் கூட்டம், எம்.எல்.ஏ., சாலை மறியல், கடைசியில் கோர்ட். இந்த ஒவ்வொன்றுக்கும் நம் பகுதியில் உதாரணம் உண்டு. பையன் புத்தகத்தில் படித்த ‘நிர்வாகம், சட்டமன்றம், நீதித்துறை’ மூன்றும் அந்த ஒரு மதகில் வந்து நிற்கின்றன.

இன்னொரு படி போகலாம். கொடிவேரிப் பாசனமும் காளிங்கராயன் வாய்க்காலும் கீழ்பவானியைவிடப் பழையவை. காளிங்கராயன் வெட்டியது 13-ஆம் நூற்றாண்டில். அணை வருவதற்கு முன்பே அந்தப் பாசனக்காரர்கள் பவானி ஆற்றுத் தண்ணீரில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள் என்பதால் அவர்களுக்குப் பழைய உரிமை இருக்கிறது. ‘முந்தி வந்தவங்களுக்கு முந்தி குடுக்கிறது நியாயமா, எல்லாருக்கும் சமமா பிரிக்கிறது நியாயமா?’ என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். பிள்ளைகள் அரை மணி நேரம் பேசுவார்கள். பெரியவர்கள் காவிரிக்குப் பேசுகிற அத்தனை வாதமும் அதில் வந்துவிடும்.

வி.ஏ.ஓ. விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்கள் மகனைக் குறை சொல்ல முடியாது, ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குழப்பம் உண்டு. எளிதாகச் சொல்லுங்கள்: தெருவிளக்கு, குடிதண்ணி, சாக்கடை என்றால் பஞ்சாயத்து, அது நாம் ஓட்டுப் போட்டு வைத்தது. பட்டா, சிட்டா, அடங்கல் என்கிற நிலக் கணக்கு என்றால் வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், அது வருவாய்த் துறை, மேலே தாசில்தார், அதற்கு மேலே கோட்டாட்சியர், கலெக்டர். வேண்டாம் என்றால் ஒருவரை அடுத்த தேர்தலில் மாற்றலாம், இன்னொருவரைத் தேர்தலால் மாற்ற முடியாது. பஞ்சாயத்துத் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் நிர்வாகம் பார்க்கிற காலம் வந்தால் அதையும் காட்டி, ‘இப்போ யார்கிட்டக் கணக்குக் கேக்கிறது?’ என்று கேளுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நம் ஊர்களில் ‘மணியகாரர் வீடு’, ‘கணக்குப்பிள்ளை வீடு’ என்று இன்றும் சில வீடுகளுக்குப் பெயர். அந்த வேலைகள் அப்பாவுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக வந்தவை. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டத்தால் பரம்பரைப் பதவிகளை ஒழித்து, பரீட்சை எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர் பதவியைக் கொண்டுவந்தது. வேலை போனவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-ல் அரசின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. உங்கள் ஊர் மணியகாரர் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பிள்ளைகளை அனுப்பி அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பதவி போன வீட்டின் வருத்தத்தையும், அதனால் கதவு திறந்த வீட்டின் சந்தோஷத்தையும் இரண்டையும் கேட்க வேண்டும். ஒரு சட்டம் மனிதர்கள் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை அப்போதுதான் பார்க்கிறார்கள்.

கடை பில் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு செய்கிற பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. நோம்பிக்குத் துணி எடுத்த பில் இருந்தால் எடுங்கள். அதில் சி.ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி, எஸ்.ஜி.எஸ்.டி. என்று அதே அளவு இன்னொரு வரி இருக்கும். ஒன்று டெல்லிக்கு, ஒன்று சென்னைக்கு. இது 2017 ஜூலை 1 முதல். இதை முடிவு செய்கிற ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அப்படியென்றால் ஒன்றிய அரசு வேண்டாம் என்றால் நிறைவேறுமா? ஏழாவது படிக்கிற பையன் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடுவான்.

அப்புறம் அங்கிருந்து பின்னோக்கி நடங்கள். ஜி.எஸ்.டி.க்கு முன்னால் விற்பனை வரி. அது எப்போது வந்தது? 1939-ல், சென்னை மாகாணத்தில், ராஜாஜி பிரதமராக இருந்தபோது. அப்போது மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொன்னார்கள். எல்லாப் பொருளுக்குமான பொது விற்பனை வரி இந்தியாவில் முதலில் வந்தது இங்கேதான். ஏன் வந்தது? 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் அடக்கம். அந்தத் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில்தான் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் வைத்திருந்தார். கள்ளுக்கடையை மூடினால் அரசாங்கத்துக்கு வருமானம் போகும். போன வருமானத்தை எங்கேயாவது பிடிக்க வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் விற்பனை வரி. உங்கள் மகளின் பாவாடை சட்டை பில்லில் இருக்கிற வரிக்கு ஒரு பழைய வேர் சேலத்துக் கள்ளுக்கடை மூடினதில் இருக்கிறது. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். 2003-ல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தக் கடையைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ‘மூடினால் பணத்துக்கு எங்கே போவது, திறந்தால் குடும்பங்கள் என்ன ஆவது’ என்ற கேள்வி 1937-லும் இதேதான். இதை மறைத்துவைத்து எந்த அரசியல் பாடமும் சொல்லிக்கொடுக்க முடியாது.

தேர்தலைச் சொல்லிக்கொடுக்க மொடக்குறிச்சி போதும், உங்களுக்கு எட்டும் தூரம். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்பதைக் காட்டக் கூட்டம் கூட்டமாகப் போய் மனு தாக்கல் செய்தார்கள். வாக்குப்பதிவையே தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. கல்லெறியாமல், பஸ்ஸை நிறுத்தாமல், சட்டம் கொடுத்த ஒரு கதவு வழியாகவே ஆயிரம் பேர் உள்ளே போய் நின்றார்கள். நான் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து நடந்ததும் முக்கியம். அன்றைக்குச் சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை 5,000 ஆக்கியது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வந்தது. இப்போது டெபாசிட் 10,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் போய்விடும். பையனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பாதிக் கட்டணச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 1,033 பேர் 250 வீதம் கட்டினால் 2,58,250 ரூபாய். அதே ஆட்கள் இன்றைக்கு நின்றால் 1,03,30,000 ரூபாய். இந்த மாற்றம் நல்லதா? விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். காசில்லாதவன் எதிர்ப்பைக் காட்டுகிற வழியை அடைக்கிறது என்று இன்னொருவர் சொல்லலாம். நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறவன். பேரனிடம் அதைச் சொல்வேன், ‘இது தாத்தாவோட கருத்து’ என்று சேர்த்தே சொல்வேன்.

மகளுக்கு வாக்குச்சீட்டு நிறங்கள் பிடிக்கும். ஊரகத் தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள், ஊராட்சி வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம். நிறத்தாள் வெட்டி, தீபாவளிக்கு என்ன பலகாரம் செய்வது என்று ஓட்டு நடத்துங்கள். மடித்துப் போடுவது ஏன், யார் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது என்பது ஏன் என்பதெல்லாம் அதில் தானாக வரும். அப்போது இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். சென்னை மாகாணத்தில் பெண்கள் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை 1921-ல்தான் வந்தது, அதுவும் சொத்து இருந்தவர்களுக்கு மட்டும். அதே 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னால் நின்று நடத்தினவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும். ஓட்டு கைக்கு வருவதற்குள்ளேயே அரசியல் செய்த பெண்கள் நம் ஊரில் இருந்தார்கள் என்பது உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டும்.

வரலாற்றை எங்கே தொடங்குவது என்றால், சேர சோழ பாண்டியரிலிருந்து வர வேண்டாம். வீட்டில் இருக்கிற வயதானவரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். உங்கள் மாமனாருக்கு எழுபது தாண்டியிருந்தால், அவர் பிறந்தபோது கொள்ளேகாலம் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்திருக்கும், பாலக்காடும் நம்மோடு ஒரே மாநிலத்தில். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாகப் பிரித்தபோது ஒன்று மைசூர் பக்கமும் ஒன்று கேரளத்துக்கும் போயின. 1979-ல் கோவையிலிருந்து ஈரோட்டைப் பிரித்துப் பெரியார் மாவட்டம். 1990-களில் தலைவர்கள் பெயரையெல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது ஈரோடு மாவட்டம். 2009-ல் திருப்பூர் தனி. ஒரே வீடு, ஒரே வாசல், முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய ரேஷன் கார்டு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை எடுத்து மாவட்டப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். 1965 இந்தி எதிர்ப்பின்போது பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1970-ல் மின்கட்டணப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் விவசாயிகள் சுடப்பட்டு இறந்தார்கள், இரண்டு வருடம் கழித்து கோவைச் சாலைகளை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றன. விவசாயிகள் சங்கத் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு பெயரைச் சொன்னால் உங்கள் மாமனார் எழுந்து உட்காருவார். அப்பாருவும் பேரனும் உட்கார்ந்து பேச அது நல்ல இடம், அதில் இன்றைய கட்சிச் சண்டை கிடையாது.

கட்சிச் சண்டை உள்ள வீட்டுக்கு நான் எப்போதும் சொல்கிற கதை பெரியாரும் ராஜாஜியும். ஏறத்தாழ ஒரே சமயத்தில், 1917 வாக்கில், ஒருவர் ஈரோடு நகராட்சித் தலைவர், மற்றவர் சேலம் நகராட்சித் தலைவர். இருவரும் தொடங்கினது சாக்கடையும் குடிதண்ணீரும்தான், அதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். ராஜாஜி போன்றவர்களின் அழைப்பில் பெரியார் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரஸில் சேர்ந்தார். 1925-ல் வகுப்புரிமைக் கேள்வியில், அதாவது சாதிவாரி இட ஒதுக்கீட்டுக் கேள்வியில், வெளியேறினார். அதே ஆண்டு ஈரோட்டில் ‘குடிஅரசு’ வார இதழைத் தொடங்கினார். 1938-ல் இந்தி எதிர்ப்பில் ராஜாஜி அரசே அவரைச் சிறையில் வைத்தது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெரியார் கடுமையாக எதிர்த்தார். அடுத்த வருடம் ராஜாஜி பதவி விலகினார். அந்த ராஜாஜி அரசில் அமைச்சராக இருந்தவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். பிற்பாடு பசுமைப் புரட்சிக் காலத்தில் நாட்டின் உணவு அமைச்சராக இருந்தவரும் அவர்தான். இத்தனை மோதலுக்குப் பிறகு 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தொண்ணூறு தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். ஐம்பது வருடம் எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். கொள்கையில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை, ஆள் மேல் வெறுப்பும் வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருவரும் இருக்கும்போதே இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் அம்மணி.

கோவை ஆர்.கே.சண்முகம் செட்டியார் இன்னொருவர். காங்கிரஸை எதிர்த்த ஜஸ்டிஸ் கட்சிப் பக்கம் இருந்தவர், காங்கிரஸ்காரர் அல்ல. ஆனாலும் நேருவின் முதல் அமைச்சரவையில் நிதியமைச்சர் அவர்தான். 1947 நவம்பர் 26-ல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர். எதிர்க்கட்சிக்காரரைக் கூப்பிட்டு கஜானா சாவியைக் கொடுத்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

தீரன் சின்னமலையைக் கண்டிப்பாகச் சொல்வீர்கள். ஓடாநிலையும் சங்ககிரிக் கோட்டையும் போய்ப் பாருங்கள். 1805-ல் வெள்ளைக்காரர்கள் அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கோட்டை ஏறும்போது பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்காகவே போகலாம். ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். மைசூருக்குப் போன வரிப் பணத்தைப் பறித்து, ‘சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்’ என்று அனுப்பினார் என்ற கதையைச் சொல்லும்போது, இது வாய்வழி வந்தது என்று சொல்லுங்கள். தூக்கிலிட்டது ஆவணத்தில் உள்ளது. இரண்டையும் நோட்டில் இரண்டு பக்கமாக எழுதச் சொல்லுங்கள். வாய்வழிக் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, ஒரு ஊர் எதை இருநூறு வருடம் ஞாபகம் வைத்திருக்கிறது என்பதும் வரலாறுதான். எது எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். இந்தப் பழக்கம் இருந்தால் நாளைக்கு வாட்சப்பில் வருகிற எதையும் பிள்ளை அப்படியே விழுங்காது.

இனி நான் தயங்கித் தயங்கி எழுதுகிற இடம். சாதியைச் சொல்லாமல் கொங்கு நாட்டு அரசியலைச் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் பல வருடம் அந்த மதகுப் பாடத்தை வகுப்பில் பெருமையாக நடத்தினேன். ‘உங்க தோட்டம் எந்த மதகு?’ என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, ‘எங்களுக்கு நிலமே இல்லீங்க சார், நாங்க எந்த மதகுங்க?’ என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து பாடம் மாறிவிட்டது. யாருக்குத் தண்ணீர் என்பதோடு, யாருக்கு நிலமே வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளைகளிடமும் கேளுங்கள். உங்கள் வயலில் வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் எந்த மதகு?

கல்வெட்டு ஒன்று இதற்கு உதவும். கொங்கு மன்னன் ஒருவன் வெங்கால நாட்டில் இருந்த கைவினைஞர்களான கம்மாளர்களுக்குச் சில உரிமைகளைக் கொடுத்து ஆணை வெட்டியிருக்கிறான். கல்யாணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், காலில் செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். செருப்புப் போட ராஜா உத்தரவு தேவைப்பட்டது என்றால் அதற்கு முன்னால் என்ன நிலைமை என்று பிள்ளைகளே யோசிப்பார்கள். பிறகு அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவைப் படித்துக் காட்டுங்கள்: தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் கடைப்பிடிப்பது குற்றம். ராஜா கொடுத்ததை இன்னொரு ராஜா பிடுங்கலாம். சாசனத்தில் இருப்பது ஒருவர் கொடுத்தது அல்ல. கொடுத்த உரிமைக்கும் உடைமையான உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடத் தெளிவாக எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

பவானிசாகர், அவிநாசி, தாராபுரம் தொகுதிகளுக்குப் பக்கத்தில் ஏன் ‘தனி’ என்று எழுதியிருக்கிறது என்று மகன் கேட்பான். இரண்டு வரியில் முடிக்காதீர்கள். அம்பேத்கர் என்ன கேட்டார், 1932-ல் பூனாவில் என்ன ஒப்பந்தம் ஆயிற்று, ஓட்டு எல்லோரும் போடுகிறார்கள் ஆனால் நிற்பவர் பட்டியல் சாதியினர் என்பது ஏன் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் முன்னால் சொல்லச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பிள்ளைகள் அதை டீக்கடையில் வேறு மாதிரிக் கற்றுக்கொள்வார்கள்.

வீட்டில் கட்சி பேசுவதை முழுக்க நிறுத்தினது சரியில்லை என்பது என் எண்ணம். பேசக் கூடாத அசிங்கம் அது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். ஒரே ஒரு விதி வையுங்கள்: எதிர்ப் பக்கத்தின் வாதத்தை, அவர்களே ‘ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒத்துக்கொள்கிற மாதிரி சொன்ன பிறகுதான் தன் கருத்தைச் சொல்லலாம். இதற்குப் பயிற்சிக் களம் கட்சியாக இருக்க வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்ற வழக்கை எடுங்கள். கடைமடைக்காரர்கள் தண்ணீர் வந்து சேரவில்லை, போடுங்கள் என்கிறார்கள். மேலே இருப்பவர்களும் கிணற்றுப் பாசனக்காரர்களும் கசிவுதான் எங்கள் கிணற்றில் ஊறுகிறது, போடாதீர்கள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் விவசாயி, யாரும் கெட்டவர் இல்லை. மகன் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம் பேசட்டும். அடுத்த வாரம் பக்கம் மாறிப் பேசட்டும்.

சாசனம் என்பதைச் சிறிய பிள்ளைக்கு விளக்க நாங்கள் செய்தது இது. செல்போன் நேரத்துக்கு ஒரு விதி எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். சாப்பிடும்போது யாரும் போன் பார்க்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் வீட்டில் மூன்றில் இரண்டு பேர் ஒப்ப வேண்டும். பத்து நாள் கழித்து நானே சாப்பிட்டுக்கொண்டு போன் பார்த்தேன். பேத்தி பேசாமல் போய் அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினாள். நான் போனை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். விதி போட்டவரையும் விதி கட்டும் என்பதை அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டாள். நான் அப்போது ‘தாத்தாவுக்கு அவசரம்’ என்று சொல்லியிருந்தால், ஆட்சியில் இருப்பவர்கள் சட்டத்துக்கு மேலே என்ற பாடத்தைத்தான் அவளுக்கு நடத்தியிருப்பேன்.

கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு, திருப்பூரில் குமரன் 1932 ஜனவரியில் அடிபட்ட இடம், சென்னிமலையில் அவர் பிறந்த ஊர் எல்லாம் ஒவ்வொரு லீவில் ஒன்றாகப் பார்த்துவிடலாம்.

கடைசியாகக் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. பேசவும் தீர்மானத்துக்குக் கை தூக்கவும் வாக்காளர்களுக்குத்தான் உரிமை, ஆனால் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். வரவு செலவு படிக்கும்போது மகனை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணட்டும். மக்கள்தொகை 501-லிருந்து 3,000 வரை உள்ள ஊருக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. வருகைப் பதிவேட்டில் இருக்கிற கையெழுத்தையும் உட்கார்ந்திருக்கிற ஆட்களையும் அவனே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நாங்கள் போனபோது தெருவிளக்கு பற்றிக் கேட்டதற்கு ‘பார்க்கலாம்’ என்றுதான் பதில் வந்தது. பேரன் அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த சபைக்கும் வந்தான். மூன்றாவது சபைக்குள் விளக்கு வந்துவிட்டது.

முதல் தடவை போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது, மகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரமாட்டாள். தண்ணி பாட்டிலும் நாலு கடலை உருண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், மர நிழலாகப் பார்த்து உட்காருங்கள்.